பாண்டிச்சேரிக்கு மூன்று நாள்

“கிறிஸ்மசுக்குக் கம்பெனி மூணு நாள் லீவு. பூவம்மாவை இட்டுகினு பாண்டிச்சேரி போறேன்” என்று கிருஷ்ணப்பன் சொன்னதும், திருவொற்றியூர் லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மதுவிலக்கு வந்து நாலு வருஷம். பட்டணத்தில் கடைகளையெல்லாம் மூடிய அன்றைக்குத்தான் கிருஷ்ணப்பனும் குடியை விட்டான். பாண்டிச்சேரியில் இன்னும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எல்லையைத் தாண்டினால் பட்டப்பகலில் கடைகள் திறந்து கிடக்கின்றன. அந்த ஊருக்கு மெனக்கெட்டுப் போகிற ஆம்பிளை கோயிலைச் சுற்றவா போவான்?

கூட வேலை செய்யும் தமீம் வாய்விட்டே கேட்டான்.

“இன்னா மாமு, நாலு வருஷப் பட்டினியை மூணு நாள்ல தீத்துக்கப் போறியா?”

“ஊரு பாக்கப் போறேன்யா.”

“எந்த ஊரு? புட்டிக்குள்ளே கீற ஊரா?”

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வரவில்லை. எழும்பூரில் ரயில் எத்தனை மணிக்கு, விழுப்புரத்தில் எந்த வண்டிக்கு மாற வேண்டும், அங்கே தங்கச் சத்திரம் உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தில் ஒரு களை வேறு.

பூவம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷனோடு அவள் ரயில் ஏறியதே இல்லை. ஆசை இல்லாமலா இருக்கும்? டிரங்குப் பெட்டியைத் துடைத்துச் சேலையை மடித்து வைத்தாள். யோசித்து வெளியே எடுத்தாள். மறுபடி உள்ளே வைத்தாள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற குடும்பத்தைத் தானே ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கவிழ்ப்பதா என்று பயம்.

“யோவ், மகாபலிபுரம் போலாமே. அங்கியும் கடல் கீது.”

“கடலு இங்கியே கீதே. அதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?”

“அப்போ திருப்பதி?”

“பாண்டிச்சேரிதான்.”

“அங்க அப்பிடி இன்னாய்யா கீது?”

“வந்து பாரு.”

துண்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் அவள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். ராயபுரத்திலிருந்து பரசுராமன் வந்து சேர்ந்தார். மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிற மனிதர்.

“மாப்ளே, என் தங்கச்சி பட்டது போதாதா? சர்க்காரு புண்ணியத்துல இப்பத்தான் நிம்மதியா ரெண்டு வேளை துன்றா. அது உனக்குப் பொறுக்கலியா?”

அரை மணி நேரம் பேசினார். குடியால் அழிந்தவர்கள் என்று தெருத் தெருவாக ஆள் பெயர் சொன்னார். கிருஷ்ணப்பன் மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். முடிந்ததும், “டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சி மச்சான்” என்றான்.

பஸ் ஏற்றிவிட அவனே கூடப் போனான். பஸ் தூரத்தில் தெரிந்ததும் பரசுராமன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

“எப்பிடியும் போறதுன்னு ஆயிப்போச்சி. திரும்பி வரச்சொல்ல நல்ல பிராந்தியா ஒண்ணு… எனக்கு இல்ல மாப்ளே, மூட்டு வலிக்குத் தடவறதுக்கு.”

கிருஷ்ணப்பனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கடைத்தெருவுக்குப் போவேன் மச்சான். ஆனா, வாங்கறதுக்குப் போவல.”

“பின்ன, வேடிக்கை பாக்கவா?” என்று முறைத்துக்கொண்டே அவர் பஸ் ஏறினார்.

இதைக் கிருஷ்ணப்பன் பூவம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணன்மேல் அவள் வைத்திருக்கிற மரியாதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அவள் சொல்லிவிட்டாள்.

“நான் வரலைய்யா. நீயும் போவாதே. நாலு வருஷமா இந்த வூட்ல ஒரு சட்டி ஒடையல, ஒரு கூச்சல் இல்ல. எனக்கு இதுவே போதும். லீவுக்கு இங்கியே போத்திகினு கெடப்போம்.”

கிருஷ்ணப்பனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“நான் குடிக்கப் போறேன்னு நீயும் நெனைக்கிறியா?”

“ஊரே நெனைக்குது. அங்க கடை கீதுன்னு தெரிஞ்சுதானே போறே?”

“ஆமா. கடை கீதுன்னுதான் போறேன்.”

பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“உன்னை இட்டுகினு அந்தத் தெருவுல இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரிக்கும் நடக்கப் போறேன். மூணு நாளும் நடக்கப் போறேன். ஒரு கடையிலியும் காலை வெக்க மாட்டேன்.”

“எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“தெனம் வெளக்கேத்தறப்போ, ‘கடையை மூடின சர்க்காரு நல்லா இருக்கணும்’னு கும்புடுறியே… அங்க நான் குடிக்காம திரும்பி வந்தா, ஒரு நாளாச்சும் என் பேரைச் சொல்லிக் கும்புடுவே இல்ல?”