உபயம் இல்லாத தூண்

குளக்கரையில் ஒருநாள் திடீரென்று ஒரு கருங்கல் தூண் நின்றது. கரை உடைந்து தண்ணீரெல்லாம் வடிந்து, வெயிலில் காய்ந்து செத்த தவளைகளின் நினைவாக என்று அதில் பொறித்திருந்தது. கொடுத்தவர் பேர் மட்டும் இல்லை. வெளிச்சமே தெரியாதபடி ட்யூப்லைட்டில் உபயம் எழுதுகிற ஊர் அது. இவ்வளவு பெரிய கல்லில் பேர் இல்லையே என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

பெருச்சாளிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பேர் போடாமல் கொடுத்தால்தான் பேர் பெரிதாக வரும் என்பது அதன் கணக்கு. எப்படியும் தன்னைக் கண்டுபிடித்து மாலை போடுவார்கள் என்று மூன்று நாளாக மீசையை நீவிக்கொண்டு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது.

உயிர் தப்பிய ஒரே தவளை, எருமையிடம் போய், "நீங்களாண்ணே குடுத்தீங்க?" என்று கேட்டது. எருமை பதில் சொல்லாமல் அசைபோட்டது.

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்று தவளை கண்கலங்கி, எருமைக்கு அருகம்புல் மாலை போட்டது. எருமை அதையும் சேர்த்து மென்றது.

பெருச்சாளிக்குப் பொறுக்கவில்லை. "அடேய், குடுத்தது நான்! குழி தோண்டி நட்டதும் நான்! நம்பலைன்னா தூணுக்கடியில எட்டிப் பாரு, என் நகத்தடம் இருக்கும். இந்த ஊர்ல வேற எவனுக்கு இப்படித் தோண்ட வரும்?"

தவளை எட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"உண்மைதாண்ணே," என்றது. "கரை உடைஞ்ச இடத்துலயும் இதே நகத்தடம்தான் இருந்துச்சு."