துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிக்கும் பிடிதான் விலை. அன்று தரகர் செங்கோடனின் விரல்கள் தாமாகவே ஆடின.

"என்னங்கண்ணா, ஏத்தறீங்களா எறக்கறீங்களா? ஒரு வெலையில நில்லுங்க," என்றார் வியாபாரி இப்ராகிம் ராவுத்தர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செங்கோடனும் சிரித்துவைத்தார். கை நடுங்குவது தெரிந்துவிட்டால் அடுத்த சந்தையில் அவரிடம் யார் விரல் நீட்டுவார்கள்? மூளை நோய் என்று டாக்டர் போன வாரம்தான் சொன்னார். ஆனால் அவர் முதலில் விசாரித்தது வயிற்றைப் பற்றி. பல வருஷமாக மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். குடலில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தே இது தொடங்கியிருக்கலாமாம்.

"வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல தரகு பாக்கறது யாருங்க டாக்டர்?" என்று அப்போது கேட்டிருந்தார் செங்கோடன்.

"அதத்தான் இன்னும் தேடிட்டிருக்காங்க."

துண்டுக்கு அடியில் விரல்களின் ஆட்டம் நிற்காததை உணர்ந்ததும் ராவுத்தர் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. நடுங்கும் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தார். அந்தப் பிடியில் எந்த விலையும் இல்லை.

"சரி, முடிஞ்சுது. மாட்ட அவுத்து உடுங்க," என்றார், சந்தைக்கே கேட்கும்படி.

துண்டை மட்டும் எடுக்கவில்லை.