டைட்டஸுக்கு முன்னால்

முன்னால் போகிறவரின் இடது கை இறங்கிச் சாலை ஓரத்தைக் காட்டியது.

பள்ளம்.

அடுத்தது அவள். அவளும் கையை இறக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவளுக்குப் பின்னால் வருகிறவர் காட்டுவார். கடைசி சைக்கிள் வரைக்கும் செய்தி அப்படித்தான் போகும். இத்தனை நெருக்கமாக வரிசையில் வரும்போது முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது.

அவள் கை ஹேண்டில்பாரை விட்டு வரவில்லை.

பள்ளம் அவளுடைய இடது பெடலுக்குப் பக்கத்தில் கடந்து போனது.

காதைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

விழுகிற சத்தம் வரவில்லை.

மதுரையில் கிளம்பியதிலிருந்து வாயாலேயே சமாளித்து வந்துவிட்டாள். "பள்ளம்! பள்ளம்!" என்று அவள் போட்ட கூச்சலில் ரோட்டோர ஆடுகள் மிரண்டு ஓடின. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். போன வருஷம்தான், நாற்பது தாண்டிய பிறகு, மகளின் சைக்கிளில் ஆளில்லாத மைதானத்தில் ஓட்டப் பழகியவள். ஒற்றைக் கையால் ஓட்ட வராது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வரும் வேனில் ஏற்றிவிடுவார்கள். கன்னியாகுமரி வரைக்கும் மிதித்தே போகிறேன் என்று சொல்லித்தான் ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லாமல் நன்கொடை கேட்டிருந்தாள். வேனில் போய் இறங்கிவிட்டு எந்த முகத்தோடு அங்கே திரும்பிப் போவது?

இன்று காலை தூத்துக்குடியில் வரிசையை மாற்றினார்கள்.

அவளுக்குப் பின்னால் டைட்டஸ்.

டைட்டஸுக்குக் காது கேட்காது. எந்தப் பள்ளிக்கூடத்து விடுதிக்காக இவர்கள் சைக்கிள் மிதிக்கிறார்களோ, அங்கேயே படித்து, இப்போது ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன்.

அவனிடம் கத்தி என்ன பிரயோசனம்?

இரண்டு பக்கமும் உப்பளம் வெளுத்துக் கிடந்தது. சாலை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள். முன்னால் கை இறங்கும்போதெல்லாம் தானும் இறக்கப் பார்த்தாள். இடது கையின் சுண்டுவிரலைப் பிரித்தாள். மோதிரவிரலையும் பிரித்தாள். சைக்கிள் ஆடியது. பழையபடி இறுக்கிக்கொண்டாள்.

அவன் விழுந்தால் அது என்னால்தான்.

பின்னால் ஒரு லாரியும் வந்தால்?

அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

பழையகாயலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டைட்டஸ் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி வந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வேனில் ஏற்றினாலும் ஏற்றட்டும் என்று நேரே தங்கப்பழம் சாரிடம் போனாள். பயணத்தை நடத்துகிறவர் அவர்தான். டைட்டஸின் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார்.

"சார், அந்தத் தம்பிய எனக்குப் பின்னால விடாதீங்க. எனக்குக் கைய எடுத்துட்டு ஓட்ட வராது."

அவர் டைட்டஸைக் கூப்பிட்டுச் சைகையில் கேட்டார். அவன் இரண்டு தோள்களையும் காதுவரை தூக்கிக் காட்டினான். பிறகு ஒரு கையை வலப்பக்கம் வளைத்து ஓட்டினான்.

சார் சிரித்தார்.

"கை எதுக்குங்கான். பள்ளத்தப் பாத்ததும் ஒங்க தோளு தூக்கிக்கிடுதாம். அதப் பாத்து வலது பக்கமா ஒதுங்கிக்கிடுதேங்கான். பயப்படாம வாங்க மேடம்."

அதற்குப் பிறகுதான் அவள் டீ வாங்கிக் குடித்தாள்.

அங்கிருந்து புதுத் தார். ஒரு பள்ளம் கிடையாது. அவள் நிம்மதியாகத்தான் மிதித்தாள். ஆனால் அதுவரை எதிரே வந்துகொண்டிருந்த உப்பு லாரிகள் இப்போது பின்னாலிருந்தும் வர ஆரம்பித்தன.

முதல் லாரி ஹாரன் அடித்தது.

திடுக்கிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் பிரேக் கதறியது. டைட்டஸின் பிரேக் இல்லை, லாரியின் பிரேக். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"ஏலே, நடுரோட்டுலயா வந்து சாவ?"

லாரி முக்கி முனகி அவளைக் கடந்து போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஹாரன் அவளுக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. அவள் தோள் ஏறியதைத்தான் அவன் பார்த்தான். இல்லாத பள்ளத்துக்கு வலது பக்கம் ஒதுங்கினான்.

லாரி வருகிற பக்கம்.

நிறுத்தலாம் என்றால், ஒட்டி வருகிறவன் மேலே மோதுவான்.

தோளைக் கீழே இறக்கினாள். இறங்கிவிட்டதா? சாதாரணமாக அது எங்கே இருக்கும்? இத்தனை வருஷம் சுமந்த தோள், எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பயப்படாதே, பயப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம் கூடியது.

அடுத்த ஹாரன்.

பெரிய லாரி. வெகு பக்கத்தில்.

தோள் ஏறிவிட்டது. அவளைக் கேட்காமலே ஏறிவிட்டது.

இல்லை தம்பி, இல்லை, பள்ளம் இல்லை, வராதே, அங்கேயே வா.

லாரி கடந்தது. அதன் காற்று அவளை ஓரத்துக்குத் தள்ளியது. சைக்கிள் ஆடி, நிமிர்ந்து, ஓடியது.

பின்னால் டைட்டஸின் சங்கிலிச் சத்தம் அதே இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். ஹேண்டில்பாரில் வலது கை மட்டும் இருந்தது. இடது கை பின்னால் நீண்டு, விரல்களை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தது.

அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.