வட்டம் போட்ட ஜன்னல்கள்

ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துபோன பட்டறையில், சனிக்கிழமை மத்தியானம் வரை ஒரு செருப்புத் தடம்கூட விழவில்லை. வந்தவர்கள் எல்லாம் போன் வழியாக வந்தவர்கள். வலைப்பக்கத்தைத் திறந்தார்கள், படித்தார்கள், போய்விட்டார்கள்.

பட்டறைக்காரருக்கு வேண்டியது ஒரே ஓர் ஆர்டர். ஒரு ஜன்னல் கிரில் கிடைத்தால்கூடப் போதும், இன்னும் கொஞ்ச நாள் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை ரெடிமேட் கிரில் கம்பெனியில் தினக்கூலியாகப் போய் நிற்க வேண்டும். முப்பது வருஷமாக யாரைத் திட்டிக்கொண்டே தொழில் செய்தாரோ, அவர்களிடமே.

வலைப்பக்கம் மைத்துனன் ஆரம்பித்துக் கொடுத்தது. கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவன். இந்த விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். பெயரையும் நம்பரையும் போட்டால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள், படம் போடுங்கள், படிக்கிறவனுக்கு நாலு காசு பிரயோஜனம் இருக்க வேண்டும் என்றான்.

"வேலை குடுங்கன்னு கேக்காதீங்க மாமா. சொல்லிக்குடுங்க. நம்பிக்கை வந்துட்டா அவங்களே தேடி வருவாங்க."

அவருக்குத் தெரிந்தது கம்பெனிக் கிரில்லின் லட்சணம். பட்டையும் சட்டமும் சேருகிற இடத்தில் முழுக்க வெல்டிங் ஓட்டாமல் மூன்று பொட்டு மட்டும் வைப்பார்கள். மேலே பட்டி பூசி மறைத்து, பளபளவென்று பெயின்ட் அடித்து மாட்டிவிடுவார்கள். வீட்டுக்காரனுக்குத் தெரியாது. இவர் தெருவில் நடந்துபோகும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

அப்படியே நடந்தார். ஒன்பது வீட்டு ஜன்னல்களை ரோட்டில் நின்றபடி படம் பிடித்தார். எந்த மூலை ஏமாற்று வேலையோ அந்த மூலையில் மைத்துனனை விட்டு சிவப்பு வட்டம் போடச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மனைவி போனில் டைப் அடித்தாள். கம்பெனிக்காரனுக்கு உறைக்கட்டும் என்று தெருப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

"ஊரான் வீட்டு ஜன்னல நாம எதுக்குங்க சந்தி சிரிக்க வைக்கணும்?" என்றாள் மனைவி.

"பொய்யா எழுதறேன்? உள்ளத எழுதறேன். நீ அடி."

கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொருத்தரும் ஏழு நிமிஷம் நின்று படிக்கிறார்கள், சிலபேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள், இதெல்லாம் லேசில் கிடைக்காது மாமா என்று மைத்துனன் குதித்தான். ஏழு நிமிஷம் படிக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் போன் பண்ணக் கை வலிக்குதாக்கும் என்று மனைவி முணுமுணுத்தாள். அவர் வெல்டிங் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். துவைத்துக் கட்டிய சேலை, கையில் துணிப்பை, வெயிலில் வெகுதூரம் நடந்துவந்த முகம். கிரில் பற்றி எழுதுகிறவர் நீங்கள்தானா என்று கேட்டாள்.

கேபிள் அவர் கையிலிருந்து நழுவியது. இருந்த ஒரே ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி உள்ளே டீ போட ஓடினாள்.

அவள் வீட்டுக்காரர்தான் அனுப்பினாராம். அவருக்குப் படிக்கிற வழக்கமே கிடையாதாம். இவர் எழுதியதை மட்டும் வரி விடாமல் படித்து, அவளுக்கும் வாசித்துக் காட்டினாராம்.

"நேர்லயே போயிப் பாத்தாருங்க. நீங்க சொன்ன எடம் ஒண்ணுகூடத் தப்பலன்னாரு."

முப்பது வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. உட்காரக்கூட மறந்து, தன்னுடைய வெல்டிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாலு பக்கமும் முழு ஓட்டு, சுவர் இடிந்தாலும் கிரில் பிரியாது என்றார். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள்.

எத்தனை ஜன்னல் என்று கேட்டார். ஒன்றுதான், சின்னது, உயரத்தில் இருக்கிறது என்றாள்.

"ஒண்ணு போதும்மா," என்றார். உள்ளே திரும்பி, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு என்றார். திங்கட்கிழமை அவர் வரமாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்வது வாசல் வரை கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரல் அப்படி ஓங்கியிருந்தது.

அவர் டேப்பை எடுத்து இடுப்பில் செருகினார். அகலம் உயரம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, இப்போதே கூட வந்து அளந்துகொள்கிறேன் என்று செருப்பை மாட்டினார்.

"உங்கள உள்ள விடமாட்டாங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜன்னலுக்குச் சொந்தக்காரரே கூப்பிட்டனுப்பியிருக்காரு. யாரும்மா விடமாட்டேங்கறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பையின் காதை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அது ஜெயில் ஜன்னலுங்க. எப்படிக் கழட்டறதுன்னு அடுத்ததா எழுதச் சொன்னாரு."