அரைச் சுற்று

முதல் ஷிப்ட் முடிந்து வந்த அன்புமணி, பூட்ஸைக் கழற்றிய கையோடு குவார்ட்டர்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து, முழ நீள ரிமோட் லாரியின் முன் அச்சைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். மேடேறும்போது முன்பக்கம் தூக்காமலிருக்க முன் டயர்களுக்குள் ஈயத்துண்டுகளை வைத்தாயிற்று. வலைக்கதவு வழியே வெயில் கட்டம் கட்டமாக விழ, தட்டில் திருகாணிகள் கடுகளவில் மினுங்குகின்றன. ஏற்கெனவே அச்சை மூடும் இரண்டு பிளாஸ்டிக் கூடுகள் விரிசல்விட்டுத் தரையில் கிடக்கின்றன. தினமும் சுரங்கத்தில் கன்வேயர் போல்ட்டுகளை முறுக்குகிற கை, இறுகிய பிறகும் இன்னொரு அரைச் சுற்றுப் போடாமல் விடுவதில்லை. பிளாஸ்டிக் அதைத் தாங்குவதில்லை. மிச்சம் இந்த ஒரு கூடுதான். இதுவும் உடைந்தால் ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய லாரி ஓடாமலே அலமாரிக்குப் போகும்.

“கண்ணு சொருகுது உங்களுக்கு. தூங்கி எழுந்து பண்ணா ஆவாதா?” என்கிறாள் மனைவி சரிதா, அவனது துவைத்த யூனிபார்மை உதறிக்கொண்டே.

“தூங்கி எழுந்தா அடுத்த ஷிப்டு வந்துடுது. கையி சொன்னா எங்க கேக்குது.”

“அப்ப அந்தக் கைய ஓரமா வைங்க. ஸ்க்ரூ டிரைவர இப்டிக் குடுங்க.”

கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு இரண்டே விரலால் திருகுகிறாள். திருகாணி மெல்லக் கிறீச்சிட்டு நிற்கிறது. அவளும் நிறுத்திவிடுகிறாள்.

“இன்னும் அர சுத்து போவும், சரிதா.”

“போவாது. அதான் நின்னுகினு இருக்குதே.”

கூட்டில் விரிசல் இல்லை. அவள் அடுத்த திருகாணியை எடுக்கிறாள். அன்புமணி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறான்.