இரண்டு குகைகள்

அனுமன் பிறந்தது எந்த மலைக் குகையில் என்று இரண்டு ஊர்கள் அடித்துக்கொண்டன. விசாரித்து அறிக்கை எழுத வந்த அதிகாரி, காலையில் கிழக்கு மலைக்குப் போனார். குகை வாசலில் ஒரு பெண் மடியில் துணிப்பொதியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா பேசுங்க. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தான். இங்கதான் பெத்தேன்," என்றாள்.

யாரோ புத்தி பேதலித்தவள் என்று நினைத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் ஜீப் ஓட்டி மேற்கு மலைக்கு வந்தார். அங்கும் குகை வாசலில் அதே பெண்.

அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஏம்மா, ஒரு ஊரைத்தான் எழுத முடியும். தப்பா எழுதினா வெட்டுக்குத்து ஆயிடும். நிஜமா எங்க பெத்தீங்க?"

"இங்கதான். நம்பலேன்னா அவனையே கேளுங்க," என்று பொதியை அவர் கையில் வைத்தாள்.

தாங்க முடியாத கனம். துணிக்குள்ளிருந்து ஒரு வால் மெல்ல வெளியே வந்து, அவர் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டது.