பிரேக் போடும் கால்

பல் டாக்டர் கார் ஷெட்டின் தரையில் சாக்பீஸால் ஒரு விமானத்தை வரைந்து, அதற்குள் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முன்னதில் குழிக்கரண்டியும் கையுமாக விமானியாய் உட்கார்ந்திருக்கிறார். பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் நுழைந்த வெயில் அவர் முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கிறது. மடியில், பாகங்களை வீட்டிலேயே பூட்டிச் சேர்த்து இரண்டு பேர் பறக்கிற குட்டி விமானத்துக்கான ஆர்டர் படிவம். இருக்கை முன்பின்னா, பக்கம்பக்கமா என்ற கட்டம் மட்டும்தான் பாக்கி. "உங்க பின்மண்டையப் பாக்கவா நான் வானத்துக்கு வரணும்?" என்கிறாள் பின் நாற்காலியிலிருந்து மனைவி. நியாயம்தான். நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டு ஜோடி சேர்கின்றன. விமானத்தைத் திருப்புவதுபோல் அவர் கரண்டியை லேசாகச் சாய்க்கிறார். "மெதுவா," என்கிறாள். காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை இருபது வருஷமாக மிதித்துப் பழகிய அவளுடைய வலது கால், இப்போது சிமெண்ட் தரையை அழுத்துகிறது. பக்கம்பக்கமாக உட்கார்ந்தால் இரண்டு இருக்கைக்கும் பெடல் உண்டு, அந்தக் காலுக்கு அடியில் நிஜ பிரேக்கே வரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. "முன்பின்னாவே இருக்கட்டும், காத்து கம்மியா தடுக்கும்," என்று பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டு, தன் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொள்கிறார். நிம்மதி. ஒரு கையால் பேனா மூடியைத் திறக்கிறார், மறு கையிலிருக்கும் கரண்டி கொஞ்சம் சாய்கிறது. "மெதுவா." அவருடைய நாற்காலி அவரோடு சேர்ந்து ஓர் அங்குலம் முன்னால் நகர்கிறது, பின்னாலிருந்து அந்தக் கால் அதை உதைத்திருக்கிறது. அவர் பேனாவை மறுபடி மூடுகிறார். "பக்கத்துலயே வந்து உக்காரு," என்கிறார். "அந்தக் கால் என் கண் முன்னாடியாவது இருக்கட்டும்."